பூஜ்ஜியத்தில் ஒரு சமாதானம்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கும் கல்யாண மண்டபம் ஒன்றுக்கும் நடுவே நீர்த்துகள் மேற்பரப்பு ஆய்வு மற்றும் சான்றளிப்பு மையம் இருக்கிறது. மூன்று மாடிக் கட்டடம். தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு சின்ன மணியின் மேல்தோலில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்காக மக்கள் வரிப்பணத்தில் கட்டியது. மணியின் மேல்தோலில் நடந்தது இருக்கட்டும். மையத்துக்குள் நடந்ததில் மொத்தம் பதினேழு தையல், இரண்டு எலும்பு முறிவு, ஒரு தோள்பட்டை, ஒரு காது நுனி. காது நுனி கடைசி வரை கிடைக்கவில்லை. எனக்கு இந்த மையத்தின் மேல் கோபம் உண்டு, அதை ஒளித்து வைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்கு வராது.

எருமப்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருப்பவர் அன்பரசு. பன்னிரண்டு வருடம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். பிறந்தது பரமத்தி வேலூர். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்ததால் அவருக்குப் பல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். எருமப்பட்டியில் பிறந்த பெரிய மகள் பிரீத்திக்குப் பதினைந்து வயது, பல் முழுக்கப் பழுப்பு. போர் தண்ணீரில் ஃபுளோரைடு. சிரிக்கும்போது அந்தப் பெண் கையால் வாயை மூடிக்கொள்வாள், போட்டோ எடுக்க வந்தால் ஓடிவிடுவாள். சின்னவள் மோனிஷாவுக்கு ஆறு வயது. பால் பல் விழ ஆரம்பித்திருந்தது. “எட்டு வயசு வரைக்கும் நல்ல தண்ணி குடுத்துட்டீங்கன்னா இந்தப் பொண்ணு பெரும்பாலும் தப்பிச்சுக்கும்” என்று நாமக்கல் டாக்டர் சொல்லியிருந்தார். அன்பரசு அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்ந்துகொண்டிருந்தார்.

அரசாங்கம் ஊருக்கு ஒரு வடிகட்டி அனுப்பியது. ஆள் உயர டிரம், அதற்குள் வெள்ளை வெள்ளையாக அலுமினா மணிகள். மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் பொருத்த வேண்டும் என்று வரைபடத்தில் போட்டிருந்தது. வந்த பைப் பதினோரு அடி பத்தவில்லை. அன்பரசு அதற்காக யாரையும் திட்டவில்லை. போர் வாயிலேயே டிரம்மை நிறுத்தி, குழாயை அங்கேயே வைத்துவிட்டார். சுகாதார ஆய்வாளர் வந்து சோதித்துப் பார்த்தார். ஃபுளோரைடு காணாமல் போயிருந்தது. பக்கத்து ஊரில் வரைபடப்படி தொட்டிக்கு அடியில் வைத்த வடிகட்டியில் மட்டும் உள்ளே போன ஃபுளோரைடு அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான். அலுமினா மணி தண்ணீருக்குள் விழுந்ததும் சும்மா கிடக்காது. சுற்றியிருக்கும் தண்ணீரைப் பொறுத்து அதன் மேல்தோல் பிளஸ் ஆகும், இல்லாவிட்டால் மைனஸ் ஆகும். ஃபுளோரைடு மைனஸ். தோல் பிளஸாக இருந்தால் பிடித்துக்கொள்ளும், மைனஸாக இருந்தால் தள்ளிவிடும். போரிலிருந்து அப்போதே வரும் தண்ணீரில் சோடாவில் இருக்கும் வாயு கரைந்திருக்கிறது, அதில் மணி பிளஸ். அதே தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி நிற்க வைத்தால் வாயு பறந்துவிடும், தண்ணீரில் காரத்தன்மை ஏறும், மணி மைனஸ் ஆகிவிடும். இதைச் சொல்ல எனக்கு ஒரு பத்தி ஆயிற்று. மையம் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்பரசுவுக்கு நோட்டீஸ் வந்தது. வடிகட்டி வரைபடத்துக்கு மாறாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, முப்பது நாளுக்குள் அதன் மணி பிளஸா மைனஸா என்று மையத்தில் சான்று வாங்க வேண்டும், தவறினால் வடிகட்டி அகற்றப்படும். அவர் பஸ் ஏறிப் போனார். மையத்தின் வாசலில் காவலாளி தடுத்தார்.

“பிளஸா, மைனஸா?”

“நான் எருமப்பட்டிங்க.”

காவலாளி ஓர் அறை விட்டார். அன்பரசு கன்னத்தைத் தடவிக்கொண்டே, பதில் தப்பு போலிருக்கிறது என்று நினைத்து, “அப்ப பிளஸுங்க” என்றார். இன்னோர் அறை விழுந்தது. அன்றைக்குக் காலை ஷிஃப்ட் மைனஸ்காரர்களுடையது.

மையத்தின் முதல் மாடி டாக்டர் வேல்முருகனுடையது, பிளஸ். இரண்டாம் மாடி டாக்டர் சின்னராஜுடையது, மைனஸ். வேல்முருகனிடம் ஜீப் இருந்தது. அவர் ஆட்கள் ஊருக்கே போய் போர் வாயில் அளந்தார்கள், பிளஸ் வந்தது. சின்னராஜிடம் ஜீப் இல்லை. அவருக்கு மாதிரி நீர் பாட்டிலில் வரும். விதி பதினான்கின்படி, மாதிரி நீர் அலுவலகச் சூழலுக்குப் பழகுவதற்காக அதை மூடி திறந்து இருபத்தொரு நாள் ரெக்கார்டு ரூமில் வைக்க வேண்டும். அதற்குள் வாயு பறந்துவிடும், மைனஸ் வரும். ஒன்பது வருடமாக இரண்டு மாடிக்காரர்களும் மாடிப்படியில் சந்திக்கும்போதெல்லாம் அடித்துக்கொண்டார்கள். படிக்கட்டின் கைப்பிடியை இரண்டு முறை பிடுங்கி, இரண்டு முறை திரும்ப வைத்திருந்தார்கள். மூன்றாம் மாடியில் இயக்குநர் குமரகுரு இருந்தார். அவருக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் நடுநிலையாளர் என்று நியமித்திருந்தார்கள்.

மாதிரி நீர் வாங்கி மூன்று வாரம் கழித்து, விசாரணை மூன்றாம் மாடியில் நடந்தது. வேல்முருகன் எழுந்தார்.

“ஒன்பது வருஷமா பிளஸ்னு சொல்லிட்டு இருக்கேன். நாளைக்கே மைனஸ்னு தெரிய வந்தாலும் நான் பிளஸ்னுதான் சொல்லியாகணும். என்னை நம்பி நாப்பது பேர் இருக்காங்க. உண்மையைப் பாத்தா அவங்க குடும்பத்தை யார் பாக்கறது?”

முதல் மாடி கைதட்டியது. சின்னராஜ் எழுந்தார்.

“ஊர்ல போய் அளக்கறதுக்குப் பேரு அறிவியல் இல்ல. ஊர்ல இருக்கறது வெறும் தண்ணி. நம்ம ரிஜிஸ்டர்ல ஏறி, நம்ம அலமாரியில இருந்து, நம்ம தூசி விழுந்த பிறகுதான் அது மாதிரி. ஜனங்க என்ன தண்ணி குடிக்கறாங்கங்கறது இந்த மையத்தோட ஆய்வு வரம்புக்குள்ளயே வராது.”

இரண்டாம் மாடி கைதட்டியது. அன்பரசு எழுந்து, “ஏனுங்க, எனக்கு எதுவானாலும் சரிங்க. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா நான் மத்தியான பஸ்ஸுக்குப் போயிருவனுங்க” என்றார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

அப்போது ஆய்வக உதவியாளர் கௌசியா இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொண்டு வந்தார். சேலம் கோட்டையைச் சேர்ந்த பெண். மையத்தில் வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று நான் நினைக்கிறேன்.

“சார், ரெண்டும் இந்த அண்ணன் ஊர் போர் தண்ணிதான். இது இன்னைக்குக் காலைல இறுக்க மூடி வந்தது. பி.எச். ஏழு, மணி பிளஸ். இது மூணு வாரமா திறந்து கெடந்தது. ஒன்பதுக்குப் பக்கம், மணி மைனஸ். தண்ணிதான் மாறியிருக்கு. நீங்க ரெண்டு பேருமே சரியாத்தான் அளந்திருக்கீங்க.”

தப்பு என்று சொல்லியிருந்தால் இருவரும் தாங்கியிருப்பார்கள். எதிராளியும் சரி என்று சொன்னதை எந்த மனுஷன் தாங்குவான்? முதல் மாடியிலிருந்து ஒரு கண்ணாடி பேப்பர் வெயிட்டும், இரண்டாம் மாடியிலிருந்து ஒரு ஸ்டேப்ளரும் ஒரே சமயத்தில் பறந்தன. கௌசியாவின் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. ஆறு தையல். காயம் யாருடையது என்று இரண்டு மாடிக்கும் தகராறு, இருவரும் தங்களுடையது என்றார்கள். கூட்டக் குறிப்பில் ‘உறுப்பினர்கள் கருத்துகளைப் பரிமாறிக்கொண்டனர்’ என்று எழுதினார்கள். அன்பரசு தன் துண்டால் அவர் தலையைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினார்.

“உங்களுக்கு ஏனுங்க அம்முணி இந்த வம்பு?”

“வடிகட்டியை மட்டும் எடத்த விட்டு நகத்த விட்றாதீங்கண்ணா” என்றார் கௌசியா. “பைப் பத்தாம போனதாலதான் உங்க ஊரு பொழைச்சிருக்கு.”

அடுத்த மாதம் மையத்தின் ஆண்டு விழாக் கருத்தரங்கில் விஷயத்தைப் பொதுவில் தீர்ப்பதாக அறிவித்தார்கள். அன்பரசுவுக்குப் பொன்னாடை போர்த்தி, எடுத்துக்காட்டாக மேடையின் நடுவில் நிறுத்தினார்கள். குத்துவிளக்குக்கு ஐந்து திரி. பிளஸ்காரர்கள் மூன்றை ஏற்றிவிட்டார்கள், இரண்டுதான் தங்களுக்கா என்று மைனஸ்காரர்கள் ஒன்றை ஊதி அணைத்தார்கள். அங்கிருந்து ஆரம்பித்தது.

முதலில் கைதான். பிறகு நாற்காலி. பிறகு ஆய்வகத்தைத் திறந்துவிட்டார்கள். பியூரெட் மாட்டும் இரும்புக் கம்பிகளைக் கழற்றி மண்டை மண்டையாக அடித்தார்கள். இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த, எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் ஓர் எழுத்தர், உடைந்த பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு “மைனஸ்னு சொல்லுடா” என்று கண்காணிப்பாளரின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பாளர் “பிளஸ்” என்றார். எழுத்தர் குனிந்து அவர் காது நுனியைக் கடித்து எடுத்துவிட்டார். யாரோ தீயணைப்பானைத் திறந்துவிட, அரங்கம் வெள்ளைப் புகையாகி, அதற்குள் எலும்பு முறியும் சத்தம் மட்டும் கேட்டது. வேல்முருகனின் மணிக்கட்டு ஒன்று, சின்னராஜின் கழுத்தெலும்பு ஒன்று.

நடுவில் நின்ற அன்பரசுவின் வலக்கையைப் பிளஸ்காரர்கள் பிடித்து இழுத்தார்கள். “பாருங்க, ஈர்ப்பு” என்று கத்தினார்கள். மைனஸ்காரர்கள் அவர் விலாவில் உதைத்துத் தள்ளினார்கள். “பாருங்க, விலக்கு.” சோதனையை மூன்று முறை திரும்பச் செய்தார்கள். மூன்றாவது முறை தோள்பட்டை மூட்டு கழன்று கை தொங்கியது. ஐயா விடுங்க, ஐயா விடுங்க என்று அவர் இரண்டு பக்கத்தையும் கும்பிடப் பார்த்தார், ஒரு கைதான் மேலே வந்தது.

புகைக்குள்ளிருந்து இயக்குநர் குமரகுரு மைக்கில் பேசினார். “சகோதரர்களே, மத்த ஆபீசுகளைப் பாருங்க. தூங்கி வழியறாங்க. நம்ம மையம் உயிரோட இருக்குங்கறதுக்கு இந்த ரத்தமே சாட்சி. இந்தக் கேள்விக்கு விடை கிடைச்சிருந்தா அடுத்த நாளே நம்மளைப் பூட்டிட்டுப் போயிருப்பாங்க. விடை கிடைக்காம பாத்துக்கறதுதான் ஒன்பது வருஷமா என் நிர்வாகம்.” அதற்குப் பிறகு மைக் ஸ்டாண்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் வேல்முருகனுக்கும் சின்னராஜுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. சமாதானம் அங்கேதான் பிறந்தது. எந்த மணிக்கும் பிளஸும் இல்லாத, மைனஸும் இல்லாத ஒரே ஓர் இடம் உண்டு, பி.எச். எட்டரைக்குக் கொஞ்சம் மேலே. அங்கே அதன் மேல்தோல் பூஜ்ஜியம். இரண்டு மாடிக்கும் சம்மதமான இடம் அது மட்டுமே. ஆகவே இந்த வட்டாரத்தின் எல்லா வடிகட்டிகளும் இனிமேல் பூஜ்ஜியத்திலேயே இயங்க வேண்டும், அதற்காக அவை தொட்டிக்கு அடியில் மாற்றப்பட்டு, தண்ணீரைச் சரியாக அந்த அளவில் நிறுத்தும் மருந்து டிரம் ஒன்றும் பொருத்தப்படும் என்று உத்தரவு போட்டார்கள். கழுத்திலிருந்து கட்டித் தொங்கவிட்ட கையோடு அன்பரசு இயக்குநரைப் பார்க்கப் போனார்.

“அந்த எடத்துல ஃபுளோரைடைப் புடிக்குங்களா?”

“புடிக்காது” என்றார் குமரகுரு. “ஆனா தள்ளவும் தள்ளாது. யாருக்கும் மனக்கசப்பு இல்ல பாருங்க.”

“எம்புள்ளைக்குப் பல்லு முளைக்குதுங்க.”

“முளைக்கட்டும். நாங்க எதுக்குத் தடையா இருக்கப் போறோம்?”

ஒரு வாரத்தில் போலீஸோடு ஊருக்கு வந்தார்கள். அன்பரசு வடிகட்டி முன்னால் போய் நின்றார். முழங்காலில் லத்தி இறங்கியது. மாவுக்கட்டுப் போட்ட வேல்முருகனும் கழுத்தில் பட்டை கட்டிய சின்னராஜும் ஆளுக்கொரு காலைப் பிடித்து அவரைத் தரதரவென்று இழுத்துப் போய் ஓரமாகப் போட்டார்கள். இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. டிரம் தொட்டிக்கு அடியில் போயிற்று. இந்தத் தடவை பைப் சரியாக இருந்தது. குமரகுரு ரிப்பன் வெட்டி, சேலத்திலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, “இந்தத் தண்ணியை நீங்க தைரியமா குடிக்கலாம்” என்று பேசினார்.

வெயில். மோனிஷா டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். அன்பரசு எழுந்து நொண்டிக்கொண்டே ஓடி அந்த டம்ளரைத் தட்டிவிட்டார். டம்ளர் குழந்தையின் உதட்டில் பட்டு ரத்தம் வந்தது. அதுவரை அவர் அந்தப் பிள்ளையை அதட்டிக்கூடப் பேசியதில்லை. அவள் அழாமல் அப்பாவையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. கைக்கட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து அதே குழாயில் நிறைத்தார். குமரகுருவின் பிடரியைப் பிடித்துக் குப்புறத் தள்ளி, புரட்டிப்போட்டு, மார்பில் முட்டியை வைத்து, வாயைத் திறந்து ஊற்றினார். இயக்குநர் துப்பினார். மூக்கைப் பொத்தி ஊற்றினார். இயக்குநர் கையைக் கடித்தார், கடித்த கையோடு ஊற்றினார். “குடிங்க சாமி. தைரியமா குடிங்க.” மூன்று சொம்பு உள்ளே போன பிறகுதான் போலீஸால் அவரைப் பிரிக்க முடிந்தது. பிரித்தவர்கள் அடித்த அடியில் அன்பரசுவின் முன்பல் இரண்டு மண்ணில் விழுந்தது.

கொலை முயற்சி என்றே வழக்குப் போட வேண்டும் என்று குமரகுரு நின்றார். இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

“ஆயுதம் என்ன சார்?”

“சொம்பு.”

“சொம்புல என்ன இருந்துச்சு?”

“தண்ணி.”

“குடிதண்ணி குடுத்ததுக்கு எப்படி சார் எஃப்.ஐ.ஆர். போடறது? அது நல்ல தண்ணி இல்லைன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா, விஷம் குடுத்ததா போட்டுக்கலாம்.”

ஒன்பது வருடத்தில் ஒரு சான்றுத்தாளும் வெளியே விடாத மையம் ஒரு மணி நேரத்தில் சான்று கொடுத்தது. ‘மேற்படி குழாய் நீர் மனித உடலுக்கும், குறிப்பாக எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பற்கள் மற்றும் எலும்புகளுக்கும் நிச்சயமாகக் கேடு விளைவிக்கும் நஞ்சாகும்.’ வேல்முருகன் கையெழுத்துப் போட்டார், சின்னராஜ் கையெழுத்துப் போட்டார், இயக்குநர் முத்திரை வைத்தார். டைப் அடித்த கௌசியா நாலு பிரதி கூடுதலாக எடுத்து, அன்பரசுவின் மனைவி ஜெயப்பிரியாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வார்டுப் பெண்கள் அந்தத் தாளோடு ஒன்றிய அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். மையமே நஞ்சு என்று எழுதிக் கொடுத்த குழாயைத் திறந்துவிட அங்கே ஒருவருக்கும் தைரியம் இல்லை. மூன்றாம் நாள் டிரம் மறுபடி போர் வாய்க்கு வந்தது.

இயக்குநருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்பரசு அடைபட்டிருந்த சேலம் ஜெயிலுக்கு வக்கீலோடு வந்தார்.

“ஒரே ஒரு வார்த்தை. அது நல்ல தண்ணிதான், கோவத்துல குடுத்துட்டேன்னு கோர்ட்ல சொல்லிடுங்க. கேஸை முடிச்சிடலாம். நாளைக்கே ஊட்டுக்குப் போகலாம்.”

“அப்ப அந்தச் சான்று என்னாகுமுங்க?”

“அது வாபஸ் ஆயிடும். வடிகட்டி உத்தரவுப்படி தொட்டிக்கு அடியிலயே போயிடும்.”

“நான் ஒத்துக்கிட்டா எத்தன வருசம் போடுவாங்க?”

“ரெண்டு வருஷம் கூட ஆகலாம்” என்றார் வக்கீல்.

அன்பரசு விரலை விட்டுக் கணக்குப் போட்டார். மோனிஷாவுக்கு ஆறு, வெளியே வரும்போது எட்டு. “நான் கோர்ட்டுல சொல்லிக்கறனுங்க” என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

கோர்ட்டில் ஜெயப்பிரியா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சின்னவளுக்கு முன்னால் ஒரு பல் விழுந்திருந்தது. இயக்குநரும் டாக்டர்களும் முதல் வரிசையில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி வயதான அம்மா. குற்றச்சாட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“அரசு அதிகாரிக்கு விஷம் கொடுத்ததா சொல்றாங்க. ஒத்துக்கறீங்களா?”

“ஒத்துக்கறனுங்க சாமி” என்றார் அன்பரசு. முன்பல் இல்லாததால் காற்றுப் போயிற்று. அதனால் இன்னும் சத்தமாகச் சொன்னார். “விஷந்தானுங்க. தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

“இல்லீங்கம்மா, அது நல்ல தண்ணிதாங்க” என்று குமரகுரு எழுந்தார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

“விஷத்தை எங்க வாங்குனீங்க?” என்று நீதிபதி கேட்டார்.

“வாங்கலீங்க. எங்க ஊரு பைப்புல காலைல ஆறு மணிக்கு வருமுங்க. நூத்தி நாப்பது ஊட்டுலயும் புடிச்சு வெச்சுக்குவாங்க.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுத்தரைப் பார்த்து, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்யச் சொன்னார்.